வணக்கத்துக்கு அடுத்த வாக்கியம்

கபாசோமியிடம் சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது, கண்ணுகளா. "எங்கள் பள்ளிக்கூடத்துப் பம்பு உடைந்து கிடக்கிறது, சரிசெய்து கொடுங்கள்." ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். அதைச் சொல்லப் போய் அவள் பட்ட பாடுதான் இந்தக் கதை.

வெகுதூரத்தில் ஒரு நாட்டில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மேட்டின் மேல் இருந்தது ருவெந்தாரா மேல்நிலைப் பள்ளி. முற்றத்தில் ஒரு கைப்பம்பு. போன மழைக்காலத்தில் அது ஒருநாள் கரகரவென்று இருமியது, பிறகு வெறும் காற்றைத் துப்பியது, பிறகு அதையும் நிறுத்திக்கொண்டது. அன்றிலிருந்து மூன்றாம் படிவ வகுப்பு மாணவிகள் காலையில் மஞ்சள் கேன்களை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கி, தண்ணீர் மொண்டு, தலையில் ஏற்றி, மேடேறி வந்தார்கள். பையன்கள் போகவில்லை. தண்ணீர் பெண்களின் தலையில்தான் ஆடாமல் நிற்கும் என்பது பள்ளி நிர்வாகத்தின் கண்டுபிடிப்பு.

அவர்கள் திரும்பி வந்து சமையற்கூடத் தொட்டியை நிரப்பிவிட்டு வகுப்பில் நுழையும்போது முதல் பாடவேளையில் பாதி போயிருக்கும். முதல் பாடவேளை கணக்கு. கபாசோமிக்குக் கணக்கென்றால் உயிர். ஆனால் பல மாதங்களாக அவள் கரும்பலகையில் விடைகளை மட்டுமே பார்த்து வந்தாள். கேள்வி என்னவென்று தெரியாது. அடுத்த வருடம் அரசாங்கத் தேர்வு. அங்கே கேள்வியை மட்டும்தான் கொடுப்பார்களாம்.

இந்த நிலையில்தான் பேச்சு நாள் வந்தது.

வருடத்துக்கு ஒருமுறை பெரிய மனிதர்களைக் கூப்பிட்டு, கூடாரம் போட்டு, அவர்களைப் பேசவிட்டுக் கேட்கும் நாள் அது. பெயருக்கு ஒரு மாணவரும் பேசலாம். இந்த முறை அமைச்சரே வருகிறார் என்று செய்தி. கபாசோமி கையைத் தூக்கினாள். அவளுக்குக் கணீரென்ற குரல். கிடைத்துவிட்டது.

"அமைச்சர் முன்னாடியே சொல்லிடப் போறேண்டி," என்றாள், ஓடைக்கரையில் தோழி கெமிகிசாவிடம்.

"சொல்லு அபூலி, சொல்லு. நம்ம தலையில முடி முளைக்கட்டும்," என்றாள் கெமிகிசா, உச்சந்தலையைத் தடவிக்கொண்டு.

அபூலி என்பது கபாசோமியின் செல்லப்பெயர். அந்த நாட்டில் எல்லோருக்கும் இப்படி ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் மரியாதை, அதுதான் அன்பு. தலைமை ஆசிரியரைக்கூட 'அமூதி' என்றுதான் கூப்பிடுவார்கள், அவரிடம் அன்பு இல்லாவிட்டாலும்.

*

பேச்சுக்குத் தயார் செய்யும் பொறுப்பு துசிமே சாருடையது. பூகோளம் கற்பிக்க வந்த மனிதர். எந்த மலை எந்த மலையைவிட உயரம் என்று சொல்லிக்கொடுத்து அலுத்துப்போய், எந்த மனிதர் எந்த மனிதரைவிட உயரம் என்ற ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார். பள்ளியில் அவருக்கு நெறிமுறை ஆசிரியர் என்று பட்டம். கழுத்துப்பட்டை கட்டாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. அவருடைய வீட்டுக் கோழிகள்கூட வரிசையாகத்தான் கூட்டுக்குள் போகும் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

கபாசோமி எழுதி வந்த பேச்சை அவர் வாசித்தார். அரைப்பக்கம். திருப்பிப் பார்த்தார்.

"வணக்கம் எங்கே?"

"மேல இருக்கு சார். 'அனைவருக்கும் வணக்கம்'."

துசிமே சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அனைவரா? அனைவர்னு ஒருத்தர் வர்றாரா? அவருக்கு எந்த நாற்காலி போட்டிருக்கு? சொல்லு."

கபாசோமி தாளை எட்டிப் பார்த்தாள்.

"பொண்ணே, கேட்டுக்கோ. நல்ல பேச்சுக்கு மூணு பாகம். வணக்கம், நடு, நன்றி. வணக்கம்தான் பேச்சு. நன்றிங்கிறது திரும்பப் போட்ட வணக்கம். நடுங்கிறது இருக்கே, அது மூச்சு வாங்கறதுக்காக விட்டிருக்கிற இடம். நீ என்னடான்னா மூச்சு வாங்கற இடத்தில வீடு கட்டிக் குடியேறிட்ட."

"நடுவுல ஒரு வாக்கியம்தான் சார். பம்பு."

"இருக்கட்டும், இருக்கட்டும். நான் மனிதத்தன்மை இல்லாதவனா? வணக்கம் முடிஞ்சதும் சொல்லிக்கோ."

கபாசோமிக்குச் சந்தோஷம். வணக்கம் முடியும் என்று அவள் நம்பினாள். சின்னப் பெண்தானே.

ஒத்திகை கூடத்தில் நடந்தது. காலி நாற்காலிகளைப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் அட்டை வைத்தார் துசிமே சார். அமைச்சர். மாவட்டத் தலைவர். கல்வி அதிகாரி. பாதிரியார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். ஒவ்வொரு நாற்காலிக்கும் நேராகத் திரும்பி, பட்டத்தைச் சொல்லி, பெயரைச் சொல்லி, செல்லப்பெயரைச் சொல்லி, முழங்காலை மடக்கி எழ வேண்டும். தப்பாக மடக்கினால் முதல் நாற்காலியிலிருந்து மறுபடி.

"மாவட்டத் தலைவருக்கு இவ்வளவு மடக்கினா அமைச்சருக்கு என்ன பண்ணுவ? தரையைத் தோண்டி உள்ள இறங்குவியா? கொஞ்சம் மிச்சம் வை!"

ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த கெமிகிசா, "சார், இது பேச்சா, உடற்பயிற்சியா?" என்று கேட்டாள். கெமிகிசாவைத் துரத்திவிட்டு வந்து துசிமே சார் இரண்டு விதிகளைச் சொன்னார். இந்த இரண்டையும் நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒண்ணு. முதல்ல பேசறவர் யாருக்கெல்லாம் வணக்கம் சொல்றாரோ, அவங்க எல்லாருக்கும் அடுத்து வர்ற ஒவ்வொருத்தரும் சொல்லியே ஆகணும். போன தடவை ஒருத்தர் குலத்தலைவர் பேரை விட்டுட்டார். என்ன ஆச்சு? பள்ளிக்கு அன்பளிப்பாக் கொண்டுவந்த காளையை அவர் கயித்தைப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். காளை பாதி மைதானம் வரைக்கும் நம்மளத் திரும்பித் திரும்பிப் பார்த்துது."

"ரெண்டாவது சார்?"

"வணக்கம் சொல்லிட்டிருக்கும்போது மணி அடிக்கக் கூடாது. யார் பேர்ல மணி விழுதோ அவருக்கு அவமானம். வணக்கம் முடிஞ்சதும் நேரம் இருந்தா நடுவுக்குப் போகலாம். இல்லேன்னா உடனே மணி. மணி விழுந்தா பாதி வார்த்தையில இருந்தாலும் வாயை மூடிட்டு உட்காரணும்."

மணி என்பது மரத்தில் தொங்கிய ஒரு லாரிச் சக்கரத்தின் இரும்பு வளையம். அதை அடிக்கும் கம்பி தலைமை ஆசிரியர் கைஜுகாவின் கையில் இருக்கும். வேறு எந்த வேலையையும் அவர் பிறரிடம் கொடுத்துவிடுவார். அதை மட்டும் தானே செய்வார்.

நாற்காலிகள் பெருகின. கூடாரம் வாடகைக்கு விடுபவர் வந்து, "அமைச்சர் யார் நிழல்ல உட்காரப் போறார்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அவருக்கு ஒரு நாற்காலி. ஒலிபெருக்கிக்காரர் காதில் அது விழுந்தது. "நான் இல்லாட்டி அந்த வணக்கம் யாருக்குக் கேட்கும்?" அவருக்கும் ஒன்று. முன்னாள் பாதிரியாருக்கும் ஒன்று. கூடத்தில் நாற்காலி போட இடமில்லாமல் கடைசி இரண்டு அட்டைகளை வாசற்படியில் வைத்தார்கள். கபாசோமியின் முழங்கால்கள் இராத்திரி தூக்கத்திலும் தானாக மடங்கின.

ஒத்திகையில் ஒருமுறைகூட அவள் தன் வாக்கியத்தை எட்டவில்லை. பொறுக்க முடியாமல் தலைமை ஆசிரியரிடம் போனாள்.

கைஜுகா அன்பாகத்தான் பேசினார். "உட்காரு அபூலி. பம்பைப் பத்திச் சொல்லணுமா? சொல்லலாம். ஆனா யோசிச்சுப் பாரு. பம்பு கெட்டுப்போச்சுன்னு நீ சொன்னா, எப்ப கெட்டுதுன்னு கேப்பாங்க. போன மழையிலன்னு சொன்னா, தலைமை ஆசிரியர் ஏன் எங்களுக்கு எழுதலைன்னு கேப்பாங்க. எழுதலைன்னு சொன்னா, ஏன்னு கேப்பாங்க. வீட்டுக்கு வந்த விருந்தாளியை இத்தனை கேள்வி கேக்க வைக்கிறது மரியாதையா?"

"நீங்க எழுதலையா அமூதி?"

"பார்த்தியா, நீயே கேக்க ஆரம்பிச்சுட்ட!" அவர் நாற்காலியில் சாய்ந்தார். "இருபது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். ஒரு விஷயம் சொல்றேன், மனசுல வச்சுக்கோ. விஷயம் சொல்லி வேலை போனவங்களை எனக்குத் தெரியும். வணக்கம் சொல்லி வேலை போனவன்னு ஒருத்தனைக் காட்டு பார்ப்போம். பேச்சு நல்லாயிருக்கணும்னா அதுல ஒண்ணும் இருக்கக் கூடாது. காலிக் கேனைத் தூக்கிட்டுப் போறது சுலபமா, ரொம்பினதைத் தூக்கறது சுலபமா? உனக்குத் தெரியாததா!"

அவளுக்குத் தெரியும்தான்.

*

பேச்சு நாள் அன்று மாணவிகள் விடிவதற்கு முன்பே ஓடைக்குப் போனார்கள். விருந்துக்கு வாழைக்காய் வேக வேண்டும், தினை மாவு கிளற வேண்டும், கடலைக் குழம்புக்குத் தண்ணீர், கை கழுவத் தண்ணீர், மேடையில் பேச்சாளர்கள் தொண்டை நனைக்கத் தண்ணீர். அத்தனையும் மேடேறி வந்தது.

பத்து மணிக்கு வர வேண்டிய அமைச்சர் மதியம் வரை வரவில்லை. வெயிலில் மாணவர்கள் நின்றார்கள், நிழலில் நாற்காலிகள் இருந்தன. கடைசியில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு வண்டி வந்தது. அதிலிருந்து ஒல்லியான ஒரு மனிதர், தமக்குப் பெரிதான கோட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அமைச்சருக்கு வேறு வேலை. அவர் துணை ஆணையரை அனுப்பினார். துணை ஆணையருக்கும் வேறு வேலை. அவர் தம் அலுவலகத்திலிருந்த இசிங்கோமா என்ற எழுத்தரை அனுப்பிவிட்டார். இசிங்கோமாவுக்கு வேறு வேலையும் இல்லை, அனுப்புவதற்கு ஆளும் இல்லை.

துசிமே சார் வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். "பொண்ணே, மாத்து! வராதவருக்கு முதல் வணக்கம். ஏன் வரலைங்கறதை நாசூக்காச் சொல்லணும். அப்புறம், அவருக்குப் பதிலா வரவிருந்தவருக்கு. அப்புறம்தான் வந்தவருக்கு. மூணு பேருக்கும் தனித்தனியா முழங்கால்!"

"வராதவங்களுக்கும் மடக்கணுமா சார்?"

"வராதவங்களுக்குத்தான் நல்லா மடக்கணும். அவங்கதானே பெரியவங்க!"

கபாசோமி மேடை ஏறினாள். முதல் பேச்சு அவளுடையது. மைதானம் முழுக்கத் தலைகள். பின்வரிசையில் சமையற்கூடத்தை ஒட்டி, மஞ்சள் கேனோடு கெமிகிசா நின்றாள். மரத்தடியில் கம்பியோடு கைஜுகா நின்றார்.

அவள் ஆரம்பித்தாள். வராத அமைச்சருக்கு மடக்கினாள். வரவிருந்த துணை ஆணையருக்கு மடக்கினாள். வந்த எழுத்தருக்கு மடக்கியபோது அவர் பயந்துபோய்ப் பாதி எழுந்து தாமும் மடக்கினார். மாவட்டத் தலைவர், கல்வி அதிகாரி, பாதிரியார், முன்னாள் பாதிரியார், குலத்தலைவர், கூடாரம், ஒலிபெருக்கி என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசி இரண்டு பெயர்கள் இருக்கும்போது ஓரக்கண்ணால் பார்த்தாள். கைஜுகாவின் கம்பி உயர்ந்து, வளையத்துக்கு ஒரு சாண் தூரத்தில் காத்துக்கொண்டிருந்தது. வணக்கம் முடிந்த அந்த நொடியே விழும். அவளுடைய வாக்கியம் வாய்க்குள்ளேயே செத்துவிடும்.

மேடைமேல் இருந்த தம்ளரை எடுத்தாள். ஓடைத் தண்ணீர். அவளே காலையில் சுமந்து வந்தது. குடித்துக்கொண்டே பின்வரிசையைப் பார்த்தாள். கெமிகிசாவின் காலடியில் மஞ்சள் கேன். அதற்குப் பின்னால் முற்றத்தில், கைப்பிடியைத் தூக்கியபடி அசையாமல் பம்பு.

வராதவருக்கு முதல் வணக்கம். ஏன் வரவில்லை என்று நாசூக்காகச் சொல்ல வேண்டும். அப்புறம் அவருக்குப் பதிலாக வந்தவருக்கு. வணக்கம் நடக்கும்போது மணி அடிக்கக் கூடாது.

தம்ளரை வைத்தாள். மிச்சமிருந்த இரண்டு பெயர்களையும் சொல்லி மடக்கினாள். கம்பி அசைந்தது. மூச்சே விடாமல் தொடர்ந்தாள்:

"மேலும், போன மழைக்காலம் முதல் உடல்நலம் குன்றியிருப்பதால் இன்று நம்மோடு கலந்துகொள்ள இயலாத, நம் முற்றத்தின் மூத்த உறுப்பினர், மாண்புமிகு கைப்பம்பு அவர்களே!"

முற்றத்தை நோக்கித் திரும்பி முழங்காலை மடக்கினாள். அமைச்சருக்கு மடக்கியதைவிட ஆழமாக.

கைஜுகாவின் கம்பி அந்தரத்தில் நின்றது. வணக்கத்தில் மணி அடிக்கக் கூடாதே.

"அவர் சார்பாக, ஓடையிலிருந்து மேடேறி வந்து, இன்று நீங்கள் உண்ணப்போகும் விருந்தை வேகவைத்திருக்கும் மஞ்சள் கேன் அவர்களே! கேன் அவர்களை நாள்தோறும் தலையில் அழைத்து வருவதால் கணக்கு வகுப்புக்கு வர இயலாத மூன்றாம் படிவ மாணவிகளே!"

துசிமே சாருக்கு ஒன்றும் ஓடவில்லை. ஆனால் பழக்கம் இருக்கிறதே, அது மூளையைக் கேட்டுக்கொண்டா வேலை செய்யும்? 'அவர் சார்பாக' என்று காதில் விழுந்ததும் அவர் வாய் தானாகக் கூவியது: "பிரதிநிதி எழுந்து நின்று சபைக்கு அறிமுகம் ஆகவும்!"

கெமிகிசா கேனை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினாள். தண்ணீர் தளும்பி அவள் முகத்தில் வழிந்தது. இடமும் வலமும் கேனை ஆட்டிக் காட்டினாள். மாணவிகள் எல்லோரும், மிகப் பெரிய மனிதர்களுக்கு மட்டும் தட்டும் அந்தக் கைத்தட்டலைத் தட்டினார்கள்: மூன்று முறை காலால் தரையை ஓங்கி மிதித்து, ஒருமுறை வானத்தை நோக்கிக் கையைத் தட்டி.

அப்போதுதான் மணி விழுந்தது. கபாசோமி அடக்கமாகப் போய் உட்கார்ந்தாள்.

*

அடுத்துப் பேச வந்தவர் மாவட்டத் தலைவர். வரிசையாக வணக்கம் சொல்லி வந்தவர் ஒலிபெருக்கிக்காரரைத் தாண்டியதும் நின்றார். முன்வரிசையில் குலத்தலைவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வருடமும் மரத்தில் ஒரு காளை கட்டியிருந்தது. முதல் பேச்சாளர் வணங்கிய ஒருவரை விடலாமா என்று சபையே காத்திருந்தது. தலைவர் தொண்டையைச் செருமினார்.

"மாண்புமிகு... கைப்பம்பு அவர்களே. அவருடைய பிரதிநிதி அவர்களே."

கெமிகிசா கேனைத் தூக்கினாள்.

அவ்வளவுதான், கதவு திறந்துகொண்டது. பாதிரியார், பம்பு அவர்களுக்காக ஒரு நிமிடம் ஜெபிக்கச் சொன்னார். எல்லோரும் தலை குனிந்தார்கள். முன்னாள் பாதிரியார் அதே ஜெபத்தை இன்னும் நீளமாகச் செய்தார். கூடாரக்காரர், பம்பு அவர்கள் வெயிலிலும் மழையிலும் நிற்பது கேட்டு வருந்துவதாகவும், தம்மிடம் நியாயமான வாடகைக்குச் சின்னக் கூடாரம் இருப்பதாகவும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கெமிகிசா கேனைத் தூக்கினாள். தூக்கத் தூக்கத் தண்ணீர் குறைந்ததால் அவளுக்குப் பேச்சுகள் போகப்போகச் சுலபமாயின.

கடைசியில் இசிங்கோமா எழுந்தார். கோட்டுப் பையிலிருந்து அமைச்சரின் உரையை எடுத்தார். ஏதோ ஒரு பாலம் திறப்பதற்காக எழுதிய உரை அது. "இந்தப் பாலத்தின் மீது நடந்துபோகும் நம் குழந்தைகள்" என்று அவர் வாசித்தபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. பாலத்தையும் கைதட்டி வரவேற்றார்கள். உரை முடிந்தது. அந்த மனிதருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை போலும். தாளை மடித்துக்கொண்டே சொந்தமாக ஒரு வார்த்தை சொன்னார்: "பம்பு அவர்கள் சீக்கிரம் குணமாகணும்னு அமைச்சர் சார்பா வாழ்த்துறேன்."

உள்ளூர் வானொலி அதை அப்படியே மாலைச் செய்தியில் சொன்னது. ருவெந்தாராவில் உடல்நலம் குன்றியிருக்கும் மூத்த பிரமுகர் ஒருவருக்கு அமைச்சர் வாழ்த்து.

அமைச்சர் அலுவலகத்தில் அமைச்சர் யாரை வாழ்த்தினார் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதும் நெறிமுறை இல்லை. எனவே நலம் விசாரிக்க ஒரு குழுவை அனுப்பினார்கள், ஒரு கூடைப் பழத்தோடு.

"நோயாளியை எங்க வச்சிருக்கீங்க?" என்றார் குழுத்தலைவர்.

கைஜுகா அவர்களை முற்றத்துக்கு அழைத்துப்போனார். குழு பம்பைச் சுற்றி நின்றது. பழக்கூடையை எங்கே வைப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பம்பின் காலடியில் வைத்தார்கள்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"போன மழைலேர்ந்து."

"நீங்க ஏன் எழுதலை?"

கைஜுகா குழுத்தலைவருக்கு இன்னொரு வணக்கம் சொன்னார். பேச்சில் ஒன்றும் இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

அமைச்சர் குணமாகச் சொன்னவர் குணமாகாமல் இருந்தால் அமைச்சருக்கு என்ன மரியாதை? அந்த வாரமே ஒரு மெக்கானிக் வந்தார். கைப்பிடியைக் கழற்றி, கம்பியை மேலே இழுத்து, தேய்ந்துபோயிருந்த தோல் வளையத்தை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகினார். சமையற்கூடத்தில் அவருக்கு வைத்த தேநீர் கொதிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஆனால் பம்பை யாரும் தொடக் கூடாது என்று கைஜுகா கயிறு கட்டினார். குணமானவரை முறைப்படி வரவேற்க வேண்டாமா?

மறுபடியும் கூடாரம். மறுபடியும் நாற்காலிகள். வராத அமைச்சர், வரவிருந்த துணை ஆணையர், வந்த இசிங்கோமா. பழக்கூடை கொண்டுவந்த குழுவுக்கும் இப்போது வரிசையில் இடம். மெக்கானிக்குக்கு மட்டும் இல்லை, அவர் அன்று வேறு ஊரில் வேலையாக இருந்தார். மாணவிகள் காலிக் கேன்களோடு வெயிலில் வரிசையில் நின்றார்கள். முதல் பேச்சு கபாசோமியுடையது என்று அறிவித்தார் துசிமே சார்.

அவள் கயிற்றைத் தாண்டிப் பம்பின் பக்கத்தில் போய் நின்றாள்.

"வணக்கத்தை ஆரம்பி," என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார் துசிமே சார். "அமைச்சர்லேர்ந்து!"

கபாசோமி நாற்காலிகளைப் பார்த்தாள். மேட்டுக்குக் கீழே ஓடையைப் பார்த்தாள். கெமிகிசா வரிசையிலிருந்து நகர்ந்து வந்து, தன் கேனைக் குழாய்க்கு நேராக வைத்துவிட்டு, எதுவும் தெரியாதவள்போல் வானத்தைப் பார்த்தாள்.

கபாசோமி கைப்பிடியைப் பிடித்தாள். அழுத்தினாள். ஒரு தரம், இரண்டு தரம். பம்பு ஒருமுறை செருமியது. பிறகு யாருக்கும் வணக்கம் சொல்லாமல், நேராக நடுவிலேயே தொடங்கிப் பேச ஆரம்பித்தது. தண்ணீர் கேனில் சளசளவென்று விழுந்து, தெறித்து, முன்வரிசைச் செருப்புகளையெல்லாம் நனைத்தது. மாணவிகள் ஓவென்று கூச்சலிட்டு ஓடி வந்தார்கள். கைஜுகா கம்பியை ஓங்கினார். எதன் மேல் மணி அடிப்பது என்று தெரியாமல் இறக்கிக்கொண்டார். இசிங்கோமா மட்டும் கோட்டின் கையை மடித்துவிட்டு, இரண்டு கையையும் குவித்து ஏந்திக் குடித்தார்.

"நெறிமுறை!" என்றார் துசிமே சார். தண்ணீர் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் காலை முதல் பாடவேளையில், மூன்றாம் படிவத்தின் பெஞ்சுகள் எல்லாம் நிறைந்திருந்தன. கணக்கு ஆசிரியர் கரும்பலகையைத் துடைத்துவிட்டு மேலே இருந்து எழுத ஆரம்பித்தார். கபாசோமி கழுத்தை நீட்டி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"அட, கேள்வி இதுதானா!" என்றாள்.